பொட்டு வைத்த இடம்

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்தரை மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது, பிடித்து வைத்தேன். மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டு, திரும்பும் வழியில் பால் பாக்கெட்டும் செய்தித்தாளும் வாங்கினேன். துவைத்த துணிகளை மாடியில் காயப் போட்டேன். இட்லி ஊற்றிச் சாப்பிட்டேன். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த தெருவில் இருக்கும் அக்காவை அழைத்துக்கொண்டு கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் பஸ் ஏறினேன். எங்கள் சிறிய நிறுவனம் சென்னையில் இருக்கும் ஒரு பெரிய நிறுவனத்தோடு சில ஆண்டுகளாக நடத்திவந்த காப்புரிமை வழக்கை அன்று பேசி முடிப்பதாக ஏற்பாடு. எப்படி முடியும் என்பது ஒரு கேள்விக்கு நான் சொல்லப்போகும் பதிலில் இருந்தது. அந்தப் பதில் என்னவாக இருக்க வேண்டும் என்று அக்கா முன்பே முடிவு செய்திருந்தாள். நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை.

பதில் சொல்ல வேண்டியவர் உண்மையில் அக்காவின் கணவர், என் மாமா. அவர் அந்த ஆண்டு பங்குனியில் இறந்துபோனார். பட்டறையில் சாலிடரிங் இரும்பைச் சூடேற வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், அப்படியே போய்விட்டார். நான் உள்ளே வந்து பார்த்ததும் முதலில் அந்த இரும்பின் சுவிட்சை அணைத்தேன். அதன் பிறகுதான் அவரைத் தொட்டேன். ஏன் அந்த வரிசையில் செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எதுவும் புலப்படவில்லை. சாவுக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து அழுதார்கள். நான் பந்தல்காரரிடம் நாற்காலிகளைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டிருந்தேன். கருமாதி முடிந்து பட்டறையைத் திறந்தபோதும், ஆகஸ்டில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதும் அப்படியேதான் இருந்தேன். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, அதுபோல. நம்முடையதுதான், தொட்டால் தெரியாது.

மாமா நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்பு போட்ட குடும்பத்தில் பிறந்தவர். பாலிடெக்னிக் படித்து, டிவி பழுது பார்த்து, பிறகு இன்வெர்ட்டர் செய்து விற்றார். நான் ஒரு கணக்கு அலுவலகத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு அவரோடு பங்குதாரராகச் சேர்ந்தேன். அவர் செய்வார், நான் எழுதுவேன். எங்கள் பங்கீடு அவ்வளவுதான். அதிகம் பேசாத மனிதர். காலையில் "வா மச்சான்" என்பார், மாலையில் "வரேன் மச்சான்" என்பார். இடையில் தேவைப்பட்டால் ஒரு வரி. வேலைக்காரர்களைத் திட்டக்கூட மாட்டார். தவறாகச் செய்ததைப் பிரித்து அவர்கள் முன்னாலேயே மறுபடி செய்துகாட்டுவார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவர்கள் சொல்வார்கள்.

தேவனாம்பட்டினத்துப் படகுகளில் சோலார் தகடு வைத்து பேட்டரியில் விளக்கு எரிக்கத் தொடங்கிய காலத்தில், சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டிகள் ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. உப்புக்காற்று உள்ளே போய் எல்லாவற்றையும் அரித்துவிடும். மற்றவர்கள் பெட்டியை இறுக்கி இறுக்கி அடைத்தார்கள். பகலில் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். சாயங்காலம் குளிர்ந்ததும் எந்தச் சிறு இடுக்கு வழியாகவாவது ஈரக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு அடைத்தாலும் இதுதான் நடந்தது. மாமா அடைப்பதை விட்டுவிட்டார். பெட்டியின் உட்சுவரில் ஒரு மூச்சுக்குழாய் வைத்து, அதை இரண்டு இடத்தில் மடித்து, மடிப்புகளுக்கு நடுவே கட்டைவிரல் அகலத்தில் ஒரு குழி விட்டார். காற்று தாராளமாக வந்துபோகும். உப்பும் ஈரமும் அந்தக் குழியிலேயே தங்கிக் கீழே வடிந்துவிடும். "மூச்சு வுடறதுக்கு வழி குடுத்துட்டா அது ஏன் மச்சான் திருட்டுத்தனமா உறிஞ்சப் போவுது?" என்றார். எங்கள் காப்புரிமை முழுவதும் அந்தக் குழிதான்.

அவர் முதல் பெட்டியை முடித்தது ஓர் ஆயுதபூஜை நாள் காலையில். எல்லாப் பட்டறைகளையும் போலத்தான் எங்களுடையதும் அன்று கழுவிவிடப்பட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டி, கருவிகளெல்லாம் மேசையில் அடுக்கப்பட்டிருக்கும். தெருவில் போகிறவர், வருகிறவர், சரக்கு போடுகிறவர், வாடிக்கையாளர் எல்லோரும் உள்ளே வந்து பொரி, கடலை, சுண்டல் வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் மாமாவிடம் ஒரு பழக்கம் இருந்தது, வேறு எந்தப் பட்டறையிலும் நான் பார்க்காதது. பூஜைக்கு வைக்கும் சாதனம் எதுவானாலும் மூடியைக் கழற்றிவிடுவார். சந்தனமும் குங்குமமும் உள்ளே, வேலை நடக்கும் இடத்தில்தான். "மூடிக்குப் பொட்டு வச்சா மூடிக்குத்தான் புண்ணியம். பாடுபடறவன் உள்ள இருக்கான்" என்பார். இன்வெர்ட்டரானால் டிரான்ஸ்பார்மருக்கு, துளையிடும் எந்திரமானால் மோட்டாருக்கு. அன்று புதிய பெட்டியைத் திறந்து நடு மேசையில் வைத்து, அந்தக் குழியின் மேல் அவரே சந்தனம் பூசினார். அக்கா குங்குமம் வைத்தாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று அவர் பேசினார். எனக்கு அது இன்றும் வியப்புதான். வருகிறவர் எவராக இருந்தாலும் கையைப் பிடித்து மேசைக்கு அழைத்துப்போய், காற்று எங்கே நுழைகிறது, எங்கே திரும்புகிறது, உப்பு எங்கே தங்குகிறது என்று காட்டினார். படகுக்காரர்களிடம் சொன்னார், அது நியாயம். பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரரிடமும் சொன்னார். அவர் கத்தோலிக்கர். "நான் பூஜைக்கு வரல, சுண்டலுக்குத்தான் வந்தேன், ஆள வுடுப்பா" என்று அவர் சிரித்துக்கொண்டே நழுவப் பார்த்தார், மாமா விடவில்லை. எங்களுக்கு மின்னணு உதிரிகள் விற்கும் விற்பனைப் பிரதிநிதி ஒருவர், விழுப்புரம்காரர், வந்திருந்தார். அவரிடமும் சொன்னார். அவர் பெட்டியோடும் மாமாவோடும் ஒரு படம் எடுத்து அன்றைக்கே பேஸ்புக்கில் போட்டார். நாங்கள் எல்லோரும் அதை விரும்பினோம். கட்டைவிரலை உயர்த்தும் அந்தக் குறியில் நானும் அழுத்தியிருக்கிறேன்.

காப்புரிமைக்கு விண்ணப்பித்தது தை மாதத்தில். ஒரு மழைக்காலம் தாங்கட்டும், பிறகு எழுது என்று மாமா சொல்லியிருந்தார். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் ஒரு ஃபைபர் படகில் பெட்டி கடலுக்குப் போய்வந்தது. திறந்து பார்த்தபோது உள்ளே புதிதுபோல் இருந்தது. விண்ணப்பத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டேன். சில ஆண்டுகள் கழித்து உரிமை கிடைத்தபோது அவர் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்து, "பேர் சரியா போட்டிருக்கான்" என்று மட்டும் சொன்னார். அக்காதான் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

பிறகு அந்தப் பெரிய நிறுவனம் அதே குழியோடு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கடற்கரை முழுவதும் விற்றது. நாங்கள் வழக்குப் போட்டோம். உங்கள் காப்புரிமையே செல்லாது, ரத்து செய்ய வேண்டும் என்று அவர்கள் எதிர்மனு போட்டார்கள். வழக்கு மெதுவாக நடந்துகொண்டிருக்கும்போதே மாமா இறந்தார். அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் அவர்கள் அந்தப் பேஸ்புக் படத்தை நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். விழுப்புரம்காரர் இப்போது அவர்களிடம் மண்டல மேலாளர். விண்ணப்பத்துக்கு முன்பே இது ஊரறியக் காட்டப்பட்டது, எனக்கே விளக்கிச் சொன்னார் என்று அவர் வாக்குமூலம் கொடுத்திருந்தார்.

எங்கள் வழக்கறிஞர் சென்னையிலிருந்து தொலைபேசியில் அழைத்துச் சட்டத்தைச் சொன்னார். படகில் வைத்துப் பார்த்தது சோதனை. கடலில்தான் சோதிக்க முடியும் என்பதால் சட்டம் அதை மன்னிக்கும். பூஜையில் வைத்தது சோதனை இல்லை. ஒருமுறை ஊருக்குக் காட்டிவிட்டால் அது புதியது இல்லை என்றாகிவிடும். ஆனால் இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். படத்தில் குழி தெரியவில்லை. சந்தனமும் குங்குமமும் அதன்மேல் இருந்தன. அம்புக்குறி போட்டதுபோல அந்த இடத்தைக் காட்டிய பொட்டுதான் அந்த இடத்தை மறைத்தும் இருந்தது. மாமா அதற்கு முன் குழி இல்லாத பெட்டிகள் சில செய்து பார்த்து ஒதுக்கியிருந்தார். படத்தில் இருப்பது அவற்றில் ஒன்றா, புதியதா என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. "அங்க இருந்தவர் நீங்க. எது பழசு எது புதுசுன்னு தெரிஞ்சவரும் இப்ப நீங்க மட்டும்தான். நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் நான் எழுதுவேன் சார். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா போனை என் கையிலிருந்து வாங்கினாள். "பழைய டப்பாதாங்க மேடம். என் தம்பி பக்கத்துலதான் இருக்கான். எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். என்னைப் பார்த்து, "அந்தப் பேரு செவுத்துல இருக்கணும்டா. ரத்துன்னு எவனாவது சொன்னா அத நான் எப்படிப் பாத்துகிட்டு உக்காந்திருப்பேன்?" என்றாள். வழக்கறிஞர் மறுமுனையில் காத்திருந்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆகவே அன்று என் பையில் ஓர் உறுதிமொழி வாக்குமூலம் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. இருதரப்பும் ஒப்புக்கொண்ட சமரசக்காரர், ஓய்வுபெற்ற நீதிபதி, அண்ணாமலை நகரில் குடியிருந்தார். அவர் முன் அந்தத் தாளை வைத்தால் எதிர்த்தரப்பு இறங்கிவந்து எங்களிடம் உரிமம் வாங்கிக்கொள்ளும் என்பது வழக்கறிஞரின் கணக்கு.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும் அக்கா, "படி" என்றாள்.

"வூட்லயே படிச்சிட்டேன்க்கா."

"நீ படிச்ச. நான் கேக்கலயே."

தாழ்ந்த குரலில் படித்தேன். காலஞ்சென்ற என் மாமா அன்று பூஜையில் வைத்தது, பயன்படாது என்று முன்பே ஒதுக்கப்பட்ட ஒரு பழைய பெட்டி. அதைப் பற்றி அவர் அங்கு வந்த எவருக்கும் எந்த விளக்கமும் அளிக்கவில்லை. இவை என் சொந்த அறிவின்படி உண்மை. சட்டத்துக்கு வேண்டிய அளவு, அதற்கு மேல் ஒரு சொல் இல்லாமல் எழுதியிருந்தது. நல்ல நடை என்றுகூட நினைத்தேன்.

"யாருக்கும் சொல்லலன்னா எழுதியிருக்கு?"

"ஆமா."

"பால்காரன சைக்கிளோட நிக்க வச்சி சொன்னாரேடா. பாலு திரிஞ்சிடும் சாமி, வுட்டுடுங்கன்னு கும்பிட்டான்."

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். பங்குனிக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பு அழுகையாக மாறும் என்று எதிர்பார்த்தேன், மாறவில்லை. சிரித்து முடித்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். புதுச்சத்திரத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் மறுபடி கிளம்பியது.

"ஒதுக்கி வச்ச டப்பாவுக்கு யாராவது கற்பூரம் காட்டுவாங்களாடா?"

"அப்படி எழுதினாத்தான் கேஸ் நிக்கும்."

"முப்பது வருசம் அந்த மனுசனோட இருந்தேன். ஊமைய கட்டிக்கிட்டியான்னு எங்க நாத்தனாரே கேப்பா. அன்னிக்கி ஒரு நாளுதான் அவரு வாயத் தொறந்து பேசனாரு. அதப் பேசவே இல்லன்னு நீ கையெழுத்து போட்டுட்டு, இந்தாக்கா பேருன்னு குடுப்ப. அது யாரு பேரு?" என்றாள். பிறகு, "வாணாம். கிழிச்சிடாத, வக்கீலம்மா கேக்கும். உள்ள வை" என்றாள்.

நான் தாளை மடித்து உள்ளே வைத்தேன். பஸ் வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு நிம்மதி வந்ததா என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன். வந்ததாக நினைவில்லை. தண்ணீர் குறைவாக இருந்தது, அதை மட்டும் பார்த்தேன்.

நீதிபதியின் வீட்டில் மோர் கொடுத்தார்கள். எங்கள் வழக்கறிஞர் காலையிலேயே வந்திருந்தார். எதிர்த்தரப்பில் விழுப்புரம்காரரும், அவர்கள் நிறுவனத்து வழக்கறிஞர் ஒருவரும். விழுப்புரம்காரர் அக்காவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அண்ணி, சாவுக்கு வரணும்னுதான் கெளம்பனேன். கேஸ் நடக்கும்போது போவாதன்னுட்டாங்க. தப்பா நெனைக்காதீங்க. நான் பொய் எதுவும் எழுதிக் குடுக்கல."

"நீ பொய் சொன்னன்னு யாருப்பா சொன்னா? சுண்டல ரெண்டு தரம் வாங்கித் தின்ன. அதையும் எழுதிக் குடுத்தியா?"

நீதிபதி சிரித்துவிட்டார். பிறகு, அந்த அறையில் பேசுவது எதையும் எந்தத் தரப்பும் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லக் கூடாது என்று விதியை நினைவூட்டிவிட்டு, படத்தை என் பக்கம் நகர்த்தி, பெட்டி எது என்று கேட்டார்.

புதியதுதான் என்றேன். அன்று காலையில் முடித்தது. குழி பொட்டுக்கு அடியில் இருக்கிறது. வந்த எல்லோருக்கும் சொன்னார்.

எங்கள் வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தார். என்மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அக்காவைத்தான் பார்த்தார், அக்கா ஆமாம் என்று தலையசைத்தாள். அதன்பின் அவர் வேலை செய்த விதத்தை நான் மறக்கவில்லை. எங்களிடம் இனி எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த அறையில், என்ன மிச்சம் இருக்கிறது என்று தேடினார். ரத்து என்று போடாமல் இதை முடிக்க வழி இருக்கிறதா என்று அக்கா கேட்டாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உடனே ஒரு வழி சொன்னார்: காப்புரிமை அப்படியே நிற்கட்டும், நம் இரண்டு நிறுவனங்களும் மட்டும் பெட்டி செய்வோம், மூன்றாவது ஆள் எவனாவது செய்தால் சேர்ந்து தடுப்போம். எங்களுக்கு லாபமான யோசனைதான். செல்லாது என்று அங்கிருந்த அனைவருக்கும் தெரிந்த ஓர் உரிமையை வைத்து, தெரியாதவர்களைத் தடுப்பது.

"பால்காரனுக்கே சொன்னவருங்க அவரு" என்றாள் அக்கா. "அதக் கொண்டாந்து பூட்டச் சொல்றீங்களா?"

எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது புரியவில்லை. விழுப்புரம்காரருக்குப் புரிந்தது. அவர், "வுடுங்க சார்" என்று தன் வழக்கறிஞரிடம் மெதுவாகச் சொன்னார்.

கடைசியில் இப்படி முடிந்தது. இருதரப்பும் மனுக்களைத் திரும்பப் பெறுவது. யாரும் யாருக்கும் எதுவும் தருவதில்லை. காப்புரிமையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அடுத்த தவணையிலிருந்து நாங்கள் புதுப்பிக்கப் போவதில்லை. அது தானாக முடிந்துபோகும், யார் வேண்டுமானாலும் அந்தக் குழியைச் செய்துகொள்ளலாம். "பதிவுல ரத்தானதுன்னு இருக்காதும்மா. காலாவதியானதுன்னு இருக்கும். கண்டுபிடித்தவர்னு அவர் பேர் அப்படியே இருக்கும்" என்று எங்கள் வழக்கறிஞர் அக்காவுக்கு விளக்கினார்.

"காலாவதிதானே. ஆவட்டும். எல்லாரும் ஆவறதுதான்" என்றாள் அக்கா. மாமாவின் வாரிசு என்ற முறையில் அவள் முதலில் கையெழுத்துப் போட்டாள். அடுத்து நான். என் கையெழுத்து வழக்கம்போலவே இருந்தது.

வாசல்வரை வந்து வழியனுப்பிய விழுப்புரம்காரர், பல்கலைக்கழகம் பக்கம் நல்ல ஓட்டல் இருக்கிறது, சாப்பிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டார். அக்கா மறுக்கவில்லை. மூவரும் சாப்பிட்டோம். யாரும் வழக்கைப் பற்றிப் பேசவில்லை. அவர் தன் மகளின் கல்லூரியைப் பற்றிச் சொன்னார். சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று அக்கா சொன்னாள். திரும்பும் பஸ்ஸில் அவள் தூங்கிவிட்டாள். அன்றைய நாட்குறிப்பில், வழக்கு முடிந்தது, பஸ் சரியான நேரத்தில் வந்தது என்று எழுதினேன். வேறு ஏதாவது எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மாமா இருந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பொட்டு வைத்தவரிடம் பொட்டு வைத்தாயா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். நான் மட்டும் தனியாகப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதுதான் தெரியவில்லை. அதை எழுதவில்லை.

மறுநாள் காலை பட்டறையைத் திறக்கப் போனபோது ஷட்டருக்கு முன்னால் அக்கா நின்றிருந்தாள். மாமா இறந்தபின் அவள் அங்கே வந்ததில்லை. வேலைக்காரர்கள் வருவதற்கு நேரம் இருந்தது.

"என்னக்கா?"

"அன்னிக்கி என்னையும்தான் கூப்டாரு. வா, காட்றேன்னாரு. அடுப்புல சுண்டலுக்குக் கடல வெந்துகிட்டு இருந்துது. அப்பறம் பாக்கறேன், போங்கன்னுட்டேன்" என்றாள். "அப்பறம் அவரும் கூப்டல, நானும் கேக்கல. இப்ப சொல்லு, அதுல காத்து எப்பிடிப் போவுது?"

ஷட்டரைத் தூக்கினேன். விளக்கைப் போட்டு, அவளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அனுப்புவதற்குத் தயாராக இருந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, மூடியின் திருகுகளைக் கழற்றத் தொடங்கினேன்.